பழைய கிளையைக் காக்கும் அக்கா

அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த கணக்குப் பிரிவுக்காரரும் அக்கா என்கிறார். வாசலில் அடையாள அட்டை பார்க்கும் காவலாளியும் அக்கா என்கிறார். மேலாளர் எவ்வளவு கோபமாக இருந்தாலும் "என்னக்கா இது?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரே ஒருவன் மட்டும் அவரை 'மேடம்' என்று கூப்பிடுவான். அவன் அவருடைய சொந்தத் தம்பி.

"வேற வழியில்லைங்க," என்கிறான் தம்பி. "ஆபீஸ்ல நானும் அக்கான்னு கூப்பிட்டா அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்துடும். எல்லார் முன்னாடியும் 'போய்த் தலையைச் சீவிட்டு வாடா'ன்னு சொல்லிடுவா."

சும்மா சொல்லவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. அதுவும் வெளியிலிருந்து வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில். போய்ச் சீவிக்கொண்டு வந்தானாம்.

அவர்கள் கம்பெனி செய்வது வரிசைக்கான மென்பொருள். வங்கி, ஆஸ்பத்திரி, மின்கட்டண அலுவலகம் என்று கூட்டம் சேருகிற இடங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் டோக்கன் சீட்டு வரும். கொஞ்ச நேரம் கழித்துக் கூரையிலிருந்து ஒரு பெண் குரல், இன்ன டோக்கன் இன்ன கவுண்டருக்கு வரவும் என்று கூப்பிடும். அந்தக் குரலை எல்லாரும் கேட்டிருக்கிறோம். நம் எண்ணைத் தவிர மற்ற எல்லா எண்ணையும் அது கூப்பிடுவதையும் கேட்டிருக்கிறோம்.

குரல் யாரை, எப்போது, எங்கே கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற நிரலுக்கு ஒரு பிரதான கிளை உண்டு. புதிதாக எது முளைத்தாலும் அங்கேதான் முளைக்கும். அதை எழுதுகிற குழுவுக்குத் தம்பிதான் தலைவன். மேல்மாடி, கண்ணாடி அறை, பின்னால் சாய்கிற நாற்காலி, காபி இயந்திரம். என்றைக்கோ அதிலிருந்து பிரிந்து, புதிய பதிப்புக்கு மாற மறுத்த வாடிக்கையாளர்களுக்காக மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பழைய கிளை இன்னொன்று. அதற்குத் தலைவர், தொண்டர், தோட்டக்காரர் எல்லாமே அக்கா ஒருவர்தான். கீழ்மாடியில் லிஃப்ட்டுக்குப் பக்கத்து மேஜை. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் காற்றில் காகிதங்கள் எழும்பும். அதனால் அவர் மேஜையில் எல்லாவற்றின் மேலும் கனமாக ஏதாவது உட்கார்ந்திருக்கும்: ஸ்டேப்ளர், தண்ணீர் டம்ளர், பழைய கீபோர்டு.

பிரதான கிளையில் ஒரு பிழையைத் திருத்தினால் அந்தத் திருத்தம் 'கமிட்' என்ற பொட்டலமாகச் சேமிக்கப்படும். பழைய கிளையிலும் அதே பிழை இருந்தால் அக்கா அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் நகலெடுத்து வந்து இங்கே வைக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது.

"ஒரு வீட்டுல ஒருத்தரை மட்டும் விருந்துக்குக் கூப்பிடற மாதிரிங்க," என்கிறார் அக்கா. "வந்தவரு சும்மா இருப்பாரா? 'எங்க வீட்ல இங்கே ஒரு ஸ்டூல் இருக்குமே, எங்கே அது?'ன்னு இல்லாத ஸ்டூல்ல உட்காரப் போவாரு. நம்ம வீட்டு ஆளு, 'இது என் இடம், நான் எழுந்திரிக்க மாட்டேன்'னு நிப்பாரு. இதுக்குப் பேர்தான் கான்ஃப்ளிக்ட்."

கான்ஃப்ளிக்ட் வந்தால் கணினி கைகழுவிவிடும். கோப்பின் நடுவில் அம்புக்குறிகளைப் போட்டு, பழைய கிளையில் இருக்கிற வரியை மேலேயும் வந்த வரியைக் கீழேயும் வைத்து, இடையில் சமக்குறிகளால் ஒரு வேலி கட்டிவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று நகர்ந்துவிடும். திரையில் மூன்று பொத்தான்கள் மட்டும் இருக்கும். இருப்பதை வை. வந்ததை வை. இரண்டையும் வை.

மூன்றையும் தொடுவதற்கு முன்னால் அக்கா செய்கிற காரியம் ஒன்று உண்டு. மேல் வரியைக் கட்டைக் குரலிலும் கீழ் வரியைக் கீச்சுக் குரலிலும் வாய்விட்டுப் படிப்பார். "நான் பாட்டுக்கு வரிசைப்படி அனுப்பிட்டிருக்கேன், உனக்கு என்ன வந்தது?" என்று கட்டைக் குரல் கேட்கும். "வரிசை கிடக்கட்டும், அங்க ஆள் இருக்கா இல்லையான்னு பார்த்தியா?" என்று கீச்சுக் குரல் எகிறும். புதிதாகச் சேர்ந்தவர்கள், பாவம், இந்த அம்மா போனில் மாமியாரோடு சண்டை போடுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். இரண்டு பேரும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிகிற வரைக்கும் அக்கா எந்தப் பொத்தானையும் அழுத்த மாட்டார். அதிலும் அந்த மூன்றாவது பொத்தானை அவருக்கு ஆகவே ஆகாது.

"அது பயந்தவங்க பொத்தான்," என்பார். "யாரையும் பகைச்சுக்க வேண்டாம்னு ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு நாம கதவைச் சாத்திக்கறது."

இப்படிச் சொல்கிறவரின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அக்காவின் கணவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அப்பாவுக்கும் மகனுக்கும் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதில் மட்டும்தான் ஒத்துப்போகும். அதிலும் மாமனார், "துல்லியமா கிழக்கு இல்லை" என்பார். கூடத்தில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்று சரியான நேரம் காட்டும், அது கணவருக்கு. இன்னொன்று கொஞ்சம் முன்னால் ஓடும், அது எதற்கும் முன்கூட்டியே கிளம்ப வேண்டும் என்கிற மாமனாருக்கு. இரண்டு செய்தித்தாள். சோபாவுக்கு இந்தப் பக்கம் மெத்தென்ற தலையணை, அந்தப் பக்கம் கல் மாதிரி. மின்விசிறியும் ஓடும், ஜன்னலும் திறந்திருக்கும். எல்லாம் அக்காவின் தீர்ப்பு. சண்டை மூண்டதும் சமையலறையிலிருந்து ஒரே வாக்கியம் வரும்: "ரெண்டும் இருக்கட்டும், விடுங்க."

"ஆபீஸ்ல நாள் முழுக்க யார் சரின்னு பார்த்துட்டு வரேன்," என்கிறார். "வீட்லயும் அதே வேலையா? யாராவது சம்பளம் குடுக்கறாங்களா?"

இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம் இருந்ததால் இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த நிலைமையில்தான் கண் ஆஸ்பத்திரி விவகாரம் வந்தது. பழைய கிளையைப் பயன்படுத்தியவர்கள் ஒவ்வொருவராகப் புதிய பதிப்புக்குப் போய்விட, கடைசியாக மிஞ்சியது ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. அவர்களிடமிருந்து ஒரு புகார். கவுண்டரில் இருப்பவர் டீ குடிக்க எழுந்து போனாலும் குரல் விடாமல் அங்கேயே ஆட்களை அனுப்புகிறது. மூடிய ஜன்னல் முன்னால் நோயாளிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு கம்பெனிக்குப் போவதா என்று பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்.

மேலாளர் இதை ஒரு நல்ல செய்தி மாதிரி வந்து சொன்னார். "அவங்க போனாலும் கவலைப்படாதீங்கக்கா. பழைய கிளையை மூடிட்டு உங்களை மாடிக்கு அனுப்பிடறோம்."

"மாடியில எங்கே?"

"உங்க தம்பி டீம்தான். அவருக்குக் கீழே வேலை."

அக்காவுக்குத் தண்ணீர் டம்ளர் கைதவறி, அதன் அடியில் இருந்த காகிதங்கள் லிஃப்ட்டுக்குள்ளேயே போய்விட்டன. தான் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பையன். இன்றைக்கும் பஸ் எண்ணைத் தப்பாகப் பார்த்து ஏறி ஊர் சுற்றுகிற பையன். அவன் தினமும் காலையில் கண்ணாடி அறையில் சாய்ந்துகொண்டு, "மேடம், ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்பான், இவர் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். அன்றைக்கே வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியதாம். அதைவிட ஆஸ்பத்திரியைப் பிடித்து வைப்பது சுலபம் என்று முடிவு செய்தார்.

அதிர்ஷ்டவசமாக, அந்தப் புகாருக்கான திருத்தம் பிரதான கிளையில் ஏற்கெனவே இருந்தது. எழுதியவன் தம்பி. வியாழக்கிழமை மதியம் அக்கா அந்தக் கமிட்டை நகலெடுத்தார். எதிர்பார்த்தபடியே கான்ஃப்ளிக்ட். மேலே பழைய வரி: டோக்கன் கொடுக்கும்போதே எந்தக் கவுண்டர் என்று ஒதுக்கி, அங்கே கூப்பிடு. கீழே தம்பியின் வரி: அப்போதைக்கு அடுத்த கவுண்டர் எது என்று கேட்டு, அங்கே கூப்பிடு. அக்கா தொண்டையைச் செருமிக் கட்டைக் குரலில் ஆரம்பித்தார். அப்போது போன் அடித்தது.

எடுத்தால் பெயின்டர். வீட்டில் கூடத்துக்கு வண்ணம் அடிக்க வந்தவர்.

"அம்மா, நான் ஏணி மேல நிக்கறேன். கீழ பெரியவரு வெள்ளை டப்பாவைக் காட்டறாரு, சாரு பச்சை டப்பாவைக் காட்டறாரு. பிரஷ் காயுது. எதை அடிக்க?"

பின்னாலிருந்து மாமனார்: "அளந்து சொல்றேன், இந்தக் கூடத்துக்கு வெளிச்சம் போதாது! வெள்ளைதான்!"

கணவர்: "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்பா!"

"நீ மருந்துக் கடைதானே வெச்சிருக்கே, பழகிக்கோ!"

"அம்மா, ஏணி ஆடுது," என்றார் பெயின்டர்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டும் இருக்கட்டும், விடுங்க. மேல வெள்ளை, கீழ பச்சை." சொல்லும்போது வலது கை சும்மா இல்லை. வாய் சொன்னதை விரல் கேட்டுக்கொண்டது. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது அம்புக்குறிகளும் வேலியும் காணாமல் போயிருந்தன. தீர்த்தாகிவிட்டது என்று நினைத்தார். சோதனையை ஓட்டினார். 'சரியான கவுண்டருக்குக் கூப்பிட்டதா?' என்று சோதனை கேட்டது, கூப்பிட்டது. வேறெங்காவதும் கூடவே கூப்பிட்டதா என்று கேட்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் பச்சை விளக்கு. மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே புதிய நிரல் அங்கே ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பையை மேஜையில் வைக்கும் முன்பே போன். ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கார அம்மா. மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி நாற்காலிக்குக் கேட்கிற தொண்டை. கூரையிலிருந்து பேசும் குரலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'உங்க பொண்ணு'.

"அம்மா, உங்க பொண்ணுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு."

"என்ன பண்றா?"

"நீங்களே கேளுங்க." போனை மேலே தூக்கிப் பிடித்தார். 'டோக்கன் நாற்பத்தாறு, கவுண்டர் இரண்டு. டோக்கன் நாற்பத்தாறு, கவுண்டர் ஐந்து.'

அக்காவுக்குக் கேட்ட நொடியில் புரிந்துவிட்டதாம், தன் வீட்டுச் சுவர் ஆஸ்பத்திரிக் கூரைவரை நீண்டிருக்கிறது என்று.

"பழைய நிரலையே திருப்பி ஏத்திடட்டுமா?"

"ஏத்துங்க. பெரிய டாக்டர் மத்தியானம் வந்து, டீ டைம்ல மூடின ஜன்னல் முன்னாடி கூட்டத்தைப் பார்க்கட்டும். அப்புறம் உங்களுக்கும் டாட்டா, உங்க பொண்ணுக்கும் டாட்டா."

அக்கா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

ஆஸ்பத்திரி மண்டபத்தில் பார்த்தது அவர் பயந்ததைவிட மோசம், ஆனால் வேறு விதமாக. கூச்சல் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. பாதிப் பேருக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் போர்டு தெரியாது. காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தார்கள். குரல் இரண்டு கவுண்டர் சொன்னதும் எழுந்து முதலில் ஒன்றுக்குப் போனார்கள், அங்கே வேலையை முடித்துக்கொண்டு நிதானமாக இரண்டாவதுக்குப் போய் நின்றார்கள். அங்கே இருந்தவர், "உங்களுக்கு முடிஞ்சதே?" என்றால் முறைத்தார்கள்.

அக்கா பக்கத்தில் இருந்த ஒருவரிடம், தயங்கித் தயங்கி, ஏன் இரண்டு இடத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"புதுசா வர்றீங்களா?" என்றார் அவர், கசிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டே. "முதல் கவுண்டர் இடது கண்ணுக்கு. ரெண்டாவது வலது கண்ணுக்கு."

"யார் சொன்னாங்க?"

"யாராவது சொல்லணுமா? கண்ணு ரெண்டு, கவுண்டர் ரெண்டு. முன்னாடியெல்லாம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்து அனுப்பிடுவாங்க. இப்பதான் ஒழுங்கா தனித்தனியா பார்க்கறாங்க."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், தனக்கு ஒரு கண்ணில்தான் பிரச்சினை, எந்தக் கவுண்டரை விட்டுவிடலாம் என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

வரவேற்பு அம்மா, சர்வர் பெட்டி இருக்கிற அலமாரி அறையைத் திறந்துவிட்டார். துடைப்பம், வாளி, துடைக்கும் துணிகள், நடுவில் பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டு சர்வர். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோது கதவில் யாரோ முட்டினார்கள். தம்பி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது.

"நீ எதுக்குடா வந்தே?"

"மேனேஜர் சொன்னாரு மேடம். ஓடி வந்தேன்."

"இது ஆபீஸ் இல்லை. மேடம் வேண்டாம்."

"சரி. நீ என்ன பண்ணி வெச்சிருக்கே?" அவனும் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "அக்கா. நீயா? 'ரெண்டையும் வை'யா?"

"பெயின்டர் போன் பண்ணினான்."

"பெயின்டருக்கும் இதுக்கும் என்ன..."

"அதெல்லாம் அப்புறம். வேலையைப் பாரு."

"இதுல பார்க்க என்ன இருக்கு? உன் பழைய வரியைத் தூக்கு. என்னோடதை மட்டும் வை. முடிஞ்சுது. எங்க கிளையில எத்தனை நாளா ஓடுது!"

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் வைத்திருப்பார்கள். மண்டபத்தில் ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறது, பெரிய டாக்டர் வரப்போகிறார். அக்கா வைக்கவில்லை. வாளிகளுக்கு நடுவில் முதல் நாள் பாதியில் விட்டதை முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டைக் குரலில் பழைய வரி. பிறகு கீச்சுக் குரலில் தம்பியின் வரி: "'அடுத்த கவுண்டர் எதுன்னு கேட்டு அங்க கூப்பிடு.'" நிறுத்தினார். "டேய், அடுத்த கவுண்டர்னு நீ கேட்டா, மூடின கவுண்டரை விட்டுட்டு சொல்லுமா?"

"சொல்லுமே. அதுக்குத்தானே எழுதினேன்."

"உன் கிளையில சொல்லும். என் கிளையில அதுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். ரெண்டுக்கு அப்புறம் மூணு, மூணுக்கு அப்புறம் நாலு. மூடியிருக்கா திறந்திருக்கான்னு எவன் அதுக்குச் சொல்லிக்குடுத்தான்?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். "அதை... அதுக்கு முன்னாடி வேற ஒரு கமிட்ல மாத்தினேன்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"கமிட்லயே எழுதியிருப்பேனே."

அக்கா தேடி எடுத்தார். தம்பி அந்தக் கமிட்டுக்கு எழுதிய விளக்கம் இரண்டே சொல்: 'சின்ன திருத்தம்.' அதற்கு முந்தையதும் 'சின்ன திருத்தம்.' அதற்கும் முந்தையது 'இன்னொரு சின்ன திருத்தம்.'

"பேர் வெக்கச் சொன்னா எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பேரை வெச்சிருக்கியேடா!"

"அவசரத்துல..."

"அந்தக் கமிட்டையும் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்கா," என்றான் அவன் பலவீனமாக. "அது இன்னும் நாலு கமிட்டைக் கூட்டிட்டு வரும்."

அவன் பிரதான கிளையில் கவுண்டர்களுக்கென்று ஒரு புதிய ஏற்பாடே கட்டியிருந்தான். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் எழுந்துவிட்டார் என்று அது கணக்கு வைத்திருக்கும். பழைய கிளையில் அந்த ஏற்பாடே இல்லை. அக்கா எழுந்து கதவை லேசாகத் திறந்து மண்டபத்தைப் பார்த்தார். மூன்றாவது கவுண்டர்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, மேஜையில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு டீக்குப் போனார். அவர் தலைக்கு மேலிருந்த போர்டில் 'இடைவேளை' என்று சிவப்பில் எழுந்தது. கண்ணில் மருந்து விட்டவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. கூரையிலிருந்த குரலுக்கும் தெரியவில்லை.

"போர்டுக்குத் தெரிஞ்சிருக்குடா," என்றார் அக்கா. "போர்டும் குரலும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு பேசறதில்லை."

பிறகு அவர் பழைய வரியையும் நீக்கினார், தம்பியின் வரியையும் நீக்கினார். மூன்று பொத்தானும் சொல்லாத ஒன்றைக் கையால் எழுதினார்: அடுத்த கவுண்டர் எது என்று கேள், அங்கே போர்டில் இடைவேளை என்றிருந்தால் அதற்கடுத்ததைக் கேள், ஓர் எண்ணை ஒரே ஒரு தடவைதான் கூப்பிடு. எல்லாக் கவுண்டரும் ஒரே நேரத்தில் டீக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி என்று அக்கா ஒப்புக்கொண்டார். அப்படியானால் யாரையும் கூப்பிடாமல் காத்திரு என்று அவனே ஒரு வரி சேர்த்தான். இரண்டாவது முறை கூப்பிட்டால் சிவப்பு விளக்கு போடச் சொல்லிச் சோதனைக்கும் கற்றுக்கொடுத்தார்கள். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது வரவேற்பு அம்மா கதவைத் திறந்து, தன் கணக்கில் கிசுகிசுப்பாக, சர்வர் அதிர்கிற குரலில் சொன்னார்: "பெரியவர் வந்துட்டாரு!"

சோதனை பச்சை காட்டினால் நிரல் தானே ஏறிக்கொள்ளும்படி வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். பெரிய டாக்டர் மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி நோயாளிகள். அக்காவுக்கு இடது கண், வலது கண் என்று விளக்கிய அந்த நோயாளி 'நிபுணர்' டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்ல ஏற்பாடு டாக்டர். தனித்தனி கண்ணுக்குத் தனித்தனி கவுண்டர். வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்லை."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அக்காவைப் பார்த்து, "நீங்கதான் டோக்கன் கம்பெனியா? இது நல்லா இருக்கே. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார்.

தம்பி அக்காவின் புடவை முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தான். சின்ன வயதில் கடைத்தெருவில் இழுத்த அதே இழுப்பு. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். திறக்காவிட்டால் ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும், கிளை பிழைத்துவிடும், மாடிக்குப் போக வேண்டாம். மூன்றாவது பொத்தான் மறுபடியும் கண்ணெதிரே மினுக்கியது.

"இது ஏற்பாடு இல்லைங்க டாக்டர்," என்றார் அக்கா. "தப்பு. என் தப்பு. ரெண்டு வரியில ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்துல ரெண்டையும் விட்டுட்டேன். ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை வரிசையில நிக்கறாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

டாக்டர் முகம் சுருங்கியது. "காலையிலேர்ந்தா? அப்ப வேற கம்பெனி சொல்ற விலையைப் பார்க்க வேண்டியதுதான் போல."

அதற்குள் வரவேற்பு அம்மா புகுந்துவிட்டார். "சார், அந்தக் கம்பெனிக்கு நான் போன் போட்டுப் பார்த்தேன். ஒண்ணை அழுத்துங்க, ரெண்டை அழுத்துங்கன்னு சொல்லிட்டு வாத்தியம் வாசிக்கிறாங்க. நான் யாரைத் திட்டறது? வாத்தியத்தையா? இந்தம்மாவைக் கூப்பிட்டா இந்தம்மாவே எடுக்கறாங்க. திட்டினா கடைசி வரைக்கும் கேட்டுக்கறாங்க. நடுவுல ஒரு வார்த்தை பேசறதில்லை. அப்புறம் பஸ் புடிச்சு வந்து என் துடைப்ப அறையில வாளி மேல உட்கார்ந்து சரி பண்றாங்க. இந்த வயசுல புதுசா ஒருத்தரைத் திட்டிப் பழக என்னால முடியாது சார்."

டாக்டர் பதில் சொல்லும் முன், கூரையிலிருந்து குரல் வந்தது. 'டோக்கன் எழுபத்தொன்று, கவுண்டர் நான்கு.' அவ்வளவுதான். எல்லாரும் அடுத்ததற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை. இடைவேளை போர்டு எரிந்த மூன்றாவது கவுண்டர் முன்னால் ஒருவர்கூட நிற்கவில்லை.

"ஒரு கண்ணைத்தான் பார்ப்பாங்களா இனிமே?" என்று அந்த நிபுணர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

"போகட்டும்," என்றார் டாக்டர். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்." அவர் பார்த்தது அக்காவையா, வரவேற்பு அம்மாவையா என்று சொல்வது கஷ்டம். அந்தத் தொண்டையோடு ஒரு வருஷம் வாதாட அவருக்கும் தெம்பு இல்லை போலும்.

வெளியே படியில் இறங்கும்போது தம்பி நீளமாக மூச்சு விட்டான். "அப்பாடா. தப்பிச்சோம்."

அக்கா நின்றுவிட்டார். "நான் தப்பிச்சேன். சரி. நீ எதுலேர்ந்துடா தப்பிச்சே?"

தம்பி அவசரமாக ஹெல்மெட்டை மாட்டினான்.

"ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பேசு."

கழற்றினான். தலை கலைந்திருந்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதது அவனை இன்னும் பயமுறுத்தியது.

"கோவிச்சுக்காதே. பழைய கிளையை மூடற பேச்சு வந்ததுலேர்ந்து மேனேஜர்கிட்ட நான்தான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டிருக்கேன். காலையில அவர் விஷயத்தைச் சொன்னதும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீ என் டீமுக்கு வந்தா, பேருக்கு நான் தலைவன். ஸ்டேட்டஸ் மீட்டிங்ல கேள்வி கேட்கப் போறது யாரு? நீ. பதில் சொல்லப் போறது யாரு? நான். பசங்க முன்னாடி ஒரு நாள் கூடத் தாங்க மாட்டேன்க்கா."

அக்காவுக்குச் சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. இந்த ஒரு வாரமாக, அவனுக்குக் கீழே வேலை செய்ய வேண்டி வருமே என்று இவர் தூங்கவில்லை. அவனும் அதே காரணத்துக்காகத் தூங்கவில்லையாம்.

"அவ்வளவு பயமாடா என்கிட்ட?"

"பயம் இல்லை. மரியாதை."

"சரி, பயப்படாதே. உன் டீமுக்கு வரமாட்டேன்."

தம்பியின் முகம் மலர்ந்தது. வண்டிச் சாவியை எடுத்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் அக்கா. "உன் வரி எதை நம்பி நிக்குதுன்னு எனக்குத் தெரியாம இனிமே ஒரு வருஷம் நான் இதைக் காப்பாத்த முடியாது. திங்கட்கிழமைலேர்ந்து உங்க டீம் எழுதற ஒவ்வொரு கமிட்டும் முதல்ல என் மேஜைக்கு வரணும். நான் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்னா அப்புறம் உள்ள போகட்டும். மேனேஜர்கிட்ட பஸ்லேர்ந்தே பேசிடறேன்."

"ஒவ்வொண்ணுமா?"

"பசங்களை அனுப்ப வேண்டாம். தலைவன் நீதானே, நீயே எடுத்துட்டு வா."

பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தார். தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துபோனவன் மாதிரி படியில் நின்றிருந்தான்.